நிலமங்கையின் படம்

டிவி தொடரில் லாரி மோதி நிலமங்கை செத்துப்போன பிறகும் சரோஜினி அதை ஒருநாள்கூட விடவில்லை. கதை அவளுக்கு வேண்டாம். தொடரில் வரும் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் மாலையோடு நிலமங்கையின் படம் மாட்டியிருந்தது, அது போதும். வில்லி குறுக்கே வந்து வசனம் பேசினால், “நகந்து நில்லுடி, புள்ள மறையுதுல்ல” என்று அதட்டுவாள். ஒரு திங்கட்கிழமை, படம் இருந்த ஆணியில் கடிகாரம் தொங்கியது. கீழே உட்கார்ந்து, நிலமங்கையின் புருஷனுக்குப் பெண் பார்க்கப் போவதைப் பற்றி எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுத சரோஜினியைப் பார்த்துக் கணவர் பதறிவிட்டார்.

“ஏன்டி, அவ செத்துதான் மூணு மாசம் ஆச்சே?”

“இல்லீங்க,” என்றாள். “இன்னிக்குத்தான்.”