நவ்ஃபல் வாய் திறக்கும்வரை

குழந்தைகள் பேசக் கற்பதை ஆராயும் அந்த அறைக்குள் யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில்தான் உட்கார வேண்டும். ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் சபேசன் பூட்ஸோடு பாயின் ஓரத்தில் வந்து நின்றார். ஸ்டாண்டில் கேமராவை ஓடவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தா நிமிரவில்லை. எதிரே ஒன்றரை வயது நவ்ஃபல் மரக்குதிரையைக் கட்டிக்கொண்டு, வாய் திறக்கலாமா வேண்டாமா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் இவன் வாயையே பாத்துக்கிட்டு இருக்கியா? மெஷினே எல்லா பாஷையும் பேசக் கத்துக்கிச்சும்மா. உன் ஆராய்ச்சிக்கு இனி வேலை இல்ல. அந்த மெஷின் செய்யற கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன், வேலைக்குச் சேர்ந்துக்கோ. இந்த ரூமும் அவங்களுக்குத்தான்.”

“மெஷின் கத்துக்கட்டும் சார். இவன் எப்படிக் கத்துக்கறான்னுதான் நான் கேட்டேன். அதை இன்னும் ஒருத்தரும் சொல்லல.” அவள் குழந்தையின் தாய் முபீனாவிடம் திரும்பினாள். “அக்கா, நாளைக்கும் கூட்டிட்டு வருவீங்கல்ல?”

“நாளைக்கு ரூம் இருக்காது,” என்றார் சபேசன்.

முபீனா பையைத் தோளில் மாட்டினாள். “எங்க வீட்டுக்கு வந்துருங்க மேடம். இங்கதான் இவன் பெரிய மனுஷனாட்டம் வாயை மூடிக்கிறான். வீட்டுல காக்காயைக்கூட விடாம வம்புக்கு இழுக்கறான்.”

“போனா உனக்குப் பட்டம் கிடையாது ஜெசிந்தா. கேமராவும் நிறுவனத்தோடது. வெளிய போகக் கூடாது.”

ஜெசிந்தா எழுந்து, கேமராவைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

“வச்சுக்குங்க சார். காது என்னோடதுதானே.”