விளம்பரம் நீக்கிய நாடகம்

“உம்மை ஆர் வெட்டச் சொன்னது?”

நாகேஸ்வரி இறுவட்டுப் பெட்டியை மேசைமேல் எறிந்தார். பரந்தன் சந்தியில் வீடியோக் கடை வைத்திருந்த மஸாஹிருக்குச் சுருக்கென்றது.

போன மாதம் ஒரு சாக்கு நிறைய வீடியோக் கசெற்றுகளைக் கொண்டுவந்து இறக்கியவர் இவர்தான். வவுனியாவில் இருந்த அவருடைய அக்கா, தொலைக்காட்சி நாடகமொன்றை முதற்பகுதி தொடக்கம் முடிவுவரை பதிந்து சேர்த்தவையாம். அக்கா கண்மூடியபின் இவரிடம் வந்திருந்தன. இறுவட்டில் ஏற்றித் தரும்படி கேட்டிருந்தார். பூஞ்சணம் பிடித்த நாடாக்களைத் துடைத்துத் துடைத்தே மஸாஹிரின் விரல்கள் தேய்ந்துவிட்டன.

“என்ன குறை, அம்மா? படம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பகுதியும் விடேல்லை.”

“நாடகம் கிடக்கட்டும். இடையிலை வந்த விளம்பரமெல்லாம் எங்கை?”

“அந்தக் குப்பையை ஆரும் வைச்சிருப்பினமோ? மினக்கெட்டு இருந்து ஒவ்வொண்டா வெட்டினனான்.”

“நான் கேட்டனானோ? கேக்காமல் ஏன் கை வைச்சனீர்?”

செய்த வேலைக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை; வந்ததும் வராததுமாக வசவு. மஸாஹிரின் பொறுமை அறுந்தது.

“விளம்பரம் வந்தால் சனம் எழும்பிக் குசினிக்குப் போகுது. நீங்கள் விளம்பரத்துக்காக என்னோடை கொழுவுறியள். அதிலை வாற சவர்க்காரம் இப்ப கடையிலையும் இல்லை, அம்மா.”

“பகிடி விடாதையும். கசெற்றுகளைத் தாரும். வேறை ஆரிட்டையும் குடுத்து எடுப்பிக்கிறன்.”

“ஒருக்கா ஓடினதோடை நாடாவெல்லாம் அறுந்துபோச்சு. குப்பை ஏத்த வந்த ட்ரக்டரிலை போட்டிட்டன்.”

“அப்ப கொம்பியூட்டரிலை?”

“வெட்டினதை ஆர் வைச்சிருக்கிறது? அழிச்சாச்சு.”

நாகேஸ்வரி கதிரையின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போதும் மஸாஹிருக்குக் கோபம் அடங்கவில்லை. நாடகப் பைத்தியம் முற்றினால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியை அவர் பக்கம் தள்ளினான்.

“முழு நாடகமும் இதுக்குள்ளை இருக்கு. ஆறுதலா இருந்து பாருங்கோ.”

“அந்த நாடகத்திலை ஆர் ஆரெண்டே எனக்குத் தெரியாது, தம்பி. என்ரை மகன்ரை பிறந்தநாளுக்கு வாழ்த்துப் போடச் சொல்லி, தன்னட்டை இருந்த ஒரேயொரு படத்தை அக்கா தொலைக்காட்சிக்கு அனுப்பினவா. இந்த நாடகத்துக்கு இடையிலை விளம்பரத்தோடை விளம்பரமா அதைக் காட்டினவை. வீட்டிலை இருந்த படமெல்லாம் சண்டைக்குள்ளை அழிஞ்சு போயிட்டுது. பிள்ளையும் போயிட்டான். அவன்ரை முகம் எண்டு மிஞ்சினது அது ஒண்டுதான்.”