பச்சைக் குடை

காமிக்ஸ் விமர்சனம் எழுதும் எபனேசர், தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஒரு சூப்பர் ஹீரோ புத்தகத்தின் இன்னொரு பிரதியைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிவந்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் யாரோ ஒரு குழந்தை பச்சைப் பென்சிலால் தீட்டியிருந்தது. பறக்கும் நாயகனை அல்ல, கூட்டத்தில் நிற்கும் ஒருவனின் குடையை மட்டும். எபனேசர் அந்தக் குடையைத் தேடிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். பாலம் இடிகிற படத்தில் அது பாலத்தின் மேல் இருந்தது. ஊரே கைதட்டும் கடைசிப் படத்தில் பச்சையே இல்லை.

“சின்னப் புள்ளதானே, தீட்ட மறந்திருக்கும்,” என்றாள் மனைவி செலின்.

அவர் பீரோவிலிருந்து தன் கசங்காத பிரதியை எடுத்து, கைதட்டுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதிலும் குடைக்காரன் இல்லை.

“ஒரு உயிர்கூடப் போகாத கதைன்னு விமர்சனத்துல எழுதிட்டேனே, செலின்.”

அவள் இரண்டு புத்தகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பச்சைப் பென்சிலோடு வந்தாள். இதுவரை யாரையும் தொடவிடாத தன் பிரதியை, கைதட்டும் கடைசிப் படத்தில் விரித்து, எபனேசர் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“குடைக்காரன் எங்க நிக்கட்டும்?” என்று கேட்டாள்.