தெரிந்தால் பொரியும்

அம்மாவின் படம் வந்ததும் ஒலிபெருக்கி சோளம் பொரிவதுபோல் படபடத்தது.

அப்பாவின் படம் வந்தது. சத்தமே இல்லை.

கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரஹமிமின் முகம் சுருங்கியது. யாஃபோ சந்தையில் மீன் விற்கிறவர். தன் தராசையே நம்பாமல் கையால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிற ஆள். மத்தியானம் தின்றது வயிற்றை முட்ட, பெல்ட்டைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பதினாறு வயது மகன் அவியேலுக்கு வலிப்பு. சின்ன வயதில் படியில் விழுந்தவன் என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே சொல்லியிருந்தார். வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று பார்க்க, மண்டைக்குள் முடியைவிட மெல்லிய கம்பிகளை இறக்கியிருந்தார்கள். அதில் ஒன்று, ஒரே ஒரு நரம்பு செல்லைப் பிடித்துவிட்டது. அந்தச் செல் துடிக்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் சத்தம் கேட்கும். வீட்டுப் படங்களைக் கொண்டுவரச் சொல்லி, மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள் டாக்டர் தெஹிலா.

"இன்னொரு தடவ போடும்மா."

போட்டாள். ஊமை.

அம்மாவின் படத்தைப் போட்டாள். இந்த முறை அதுவும் ஊமை.

"செல்லு அப்படித்தாங்க ரஹமிம். கத்தலாமா வேண்டாமான்னு விளிம்புல நிக்கும். ஒரே படத்துக்கு ஒரு தடவ கத்தும், ஒரு தடவ கம்முனு கெடக்கும். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஓடிப்போனவளுக்கு ஒரு தடவையாவது கத்துச்சுல்ல? தின்னக் குடுத்து வளத்தவன் நான். என்னைத் தெரியாத மண்டைய வெட்டிச் சரிபண்ண நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

அந்தக் கையெழுத்து இல்லாமல் அறுவை சிகிச்சை கிடையாது. அவியேல் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ரஹமிம் எழுந்தார். போவதற்காகப் பெல்ட்டை இறுக்கினார். பித்தளைக் கொக்கி கிணுகிணுத்தது.

ஒலிபெருக்கி படபடவென்று வெடித்தது.

திரையில் பக்கத்து வீட்டுப் பூனைதான் இருந்தது.

ரஹமிம் பூனையைப் பார்த்தார். கொக்கியைக் கழற்றினார். வெடித்தது. மாட்டினார். வெடித்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவியேல் திரும்பிப் பார்க்கவே இல்லை. தோள் மட்டும் காதுவரைக்கும் ஏறியிருந்தது.

ரஹமிமுக்கு அன்றைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

"பாத்தியா, அப்பன நல்லாத் தெரியுது. குடு பேனாவ."

தெஹிலா பேனாவைக் கொடுக்கவில்லை. "எந்தப் படியில விழுந்தான்னு சொன்னீங்க?"

"வீட்டுப் படிதான் டாக்டர்," அவியேல் முந்திக்கொண்டான். "நாந்தான் பாக்காம விழுந்தேன். நீ கையெழுத்துப் போடுப்பா."