காது வெட்டிய பூனைகள்

"நீ மனுசனா, இல்ல கசாப்புக் கடைக்காரனா?"

ரமணி போட்ட சத்தத்தில் சாலாக் செலாத்தான் பிளாட்டில் இருந்த ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

எதிரே காலிக் கூண்டோடு நின்றான் குரு. நான்காம் மாடி லோரி டிரைவர். கூண்டிலிருந்து அவன் அப்போதுதான் இறக்கிவிட்ட கறுப்புப் பூனை தள்ளாடித் தள்ளாடி நடந்தது. அதன் இடது காதில் நுனியைக் காணோம். கத்தரிக்கோல் வைத்து நறுக்கியது போல் இருந்தது.

"நேத்து நீ தூக்கிட்டுப் போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு? காது எங்கடா?"

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"என்னத்தைச் சொல்லப் போற? போன வாரம் வெள்ளை. அதுக்கு முன்னால மொட்டை வால். எல்லாத்துக்கும் காது போச்சு!"

"கிளினிக்ல ஆபரேஷன் பண்ணி, குட்டி போடாம..."

"ஓ, வயித்தையும் கிழிச்சிட்டியா! வாயில்லா ஜீவன் மேல கத்தி வைக்க நீ யாரு? வயித்துல ஆபரேஷன்னா காதை எதுக்கு வெட்டுன? யாருக்கிட்ட காது குத்துற?"

"அது ஒரு அடையாளம்கா..."

"அடையாளமா? உன் காதைக் காட்டு, நானும் ஒரு அடையாளம் வைக்கிறேன்!"

மேல் மாடியில் யாரோ சிரித்தார்கள். குருவின் முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் அவன் நகரவில்லை.

"கோப்பியை மட்டும் குடுங்கக்கா. அது ஒண்ணுதான் பாக்கி. டாக்டர் நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு."

கோப்பி ரமணியின் செல்லம். காப்பி நிறம். அவள் மீன் அவித்துப் போட்டால்தான் தின்னும், அவள் மடியில்தான் தூங்கும்.

"கோப்பி மேல கை வச்சுப் பாரு, சிலிப்பர் பிஞ்சிடும்!"

அவள் கோப்பியை வாரி எடுத்துக்கொண்டு போய்க் கீழ்த்தளத்து வீட்டுக் கதவைச் சாத்தினாள். பெற்ற பிள்ளைக்குக் காது குத்தவே நல்ல நாள் பார்க்கிற ஜனம். ஒருத்தன் டாக்டரிடம் நாள் கேட்டுக்கொண்டு போய்ப் பூனைக் காதை வெட்டிக்கொண்டு வந்தால் வயிறு எரியாதா?

எரிகிற வயிறு சும்மா இருக்குமா? கறுப்பு, வெள்ளை, மொட்டை வால் மூன்றையும் தேடிப் பிடித்துப் போட்டோ எடுத்தாள். 'நம் பிளாட்டில் ஒரு கொடூரன்' என்று எழுதிக் குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

குழு பற்றிக்கொண்டது. போலீசுக்குப் போகச் சொன்னார் ஒருவர். பூனைகளால் மாடிப்படியே நாறுகிறது என்றார் இன்னொருவர். உங்கள் வீட்டுச் செருப்பு அதைவிட நாறுகிறது என்றார் வேறொருவர். சாயங்காலத்துக்குள் சண்டை கார் பார்க்கிங் வரைக்கும் போய்விட்டது. குரு ஒன்றுமே எழுதாமல் குழுவை விட்டு வெளியேறினான்.

"ஒழிஞ்சான்," என்றாள் ரமணி.

சண்டை தீரவில்லை. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஜெயராஜுக்குப் பொறுமை போய்விட்டது.

"பூனை இருந்தாத்தானே சண்டை?" என்றவர், பூனை பிடிக்கிறவர்களுக்குப் போன் போட்டார்.

ரமணி பாசாரிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பிளாட் வாசலில் அவர்களுடைய லோரி நின்றது. கீழே வரிசையாகக் கூண்டுகள். கறுப்பு. வெள்ளை. மொட்டை வால். கடைசிக் கூண்டில் கோப்பி! அவளைத் தேடி ஜன்னல் வழியாக வெளியே வந்திருக்கிறது, கழுதை.

மீன் பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"காப்பகத்துக்குக்கா," என்றார் தடித்த கையுறை போட்டிருந்த ஆள். "அங்க இடமே இல்ல. யாரும் கேட்டு வரலைன்னா ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க."

அவர் குனிந்து முதல் கூண்டைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார். கறுப்பு பாய்ந்து ஓடியது. அடுத்து வெள்ளையை விட்டார். மொட்டை வாலையும் விட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி!" ரமணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

கோப்பியின் கூண்டருகே அவர் குனிந்தார். அதன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு கூண்டைத் தூக்கி லோரிக்குள் தள்ளினார்.

"அதையும் விடுங்க! அது என் பூனை!"

பக்கத்தில் நின்ற ஜெயராஜ் வெடுக்கென்று திரும்பினார். "போன மாசம் மாடிப்படியில அசிங்கம் பண்ணப்போ, 'என் பூனை இல்ல, நான் சோறு மட்டும்தான் போடுறேன்'னு சொன்னது யாரு?"

ரமணிக்குக் கோபம்தான் வந்தது. லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"காது அறுந்ததை எல்லாம் விட்டுட்டு, காது முழுசா இருக்கறதை மட்டும் கொல்லக் கொண்டு போறீங்களே, இது என்ன நியாயம்?"

கையுறை போட்ட ஆள் அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"காது வெட்டியிருந்தா ஆபரேஷன் ஆயிடுச்சு, அந்தப் பூனையைப் பார்த்துக்க ஒரு ஆள் இருக்குன்னு அர்த்தம்கா. பாவம், இதுக்குத்தான் யாருமே இல்ல."