பிளெண்டர் சத்தம்

பாட்டு முடிந்து ஸ்பீக்கர் அடங்கியதும் கார்த்திகேசு சுவரைப் பார்த்தான்.

சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. லோகேஸ்வரன் போன வாரம் ஒட்டிய கறுப்புப் பஞ்சுப் பலகைகள்தான், மேலிருந்து கீழ்வரை. ஆனாலும் கார்த்திகேசு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப கிளியரா இருக்கு லா அண்ணே."

சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னான்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில், மகள் கல்யாணமாகிப் போன பிறகு காலியான அறை அது. அதுதான் லோகேஸ்வரனின் ஸ்டூடியோ. முன்பெல்லாம் துணி அலமாரியைத் திறந்து, போர்வைகளுக்கு நடுவே ஒரு மலிவு மைக்கை நட்டு, உள்ளே தலையை விட்டுப் பாடுவான். இந்த வருஷம் எல்லாமே புதுசு. மூச்சு விட்டாலும் பிடிக்கிற மைக். புது ஹெட்போன், புது ஸ்பீக்கர். ஓரமெல்லாம் ரப்பர் வைத்த கனமான கதவு.

கதவை மனைவி மோகனாவுக்காகவே வாங்கினான்.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலை முருகன்மேல் தானே ஒரு பாட்டு எழுதிப் பாடி, கார்த்திகேசுவின் தண்ணீர்ப் பந்தலில் ஒலிக்கவிட வேண்டும் என்பது லோகேஸ்வரனின் ஆசை. பாட்டு நன்றாகத்தான் தொடங்கும். சரணத்தில் குரல் மேலே ஏறுகிற இடம் வரும்போது சமையலறையில் மோகனா பிளெண்டரைப் போடுவாள். சொல்லி வைத்த மாதிரி அந்த இடத்தில்தான் போடுவாள். மொத்தப் பதிவும் போச்சு. மறுபடி பாடினால் மறுபடி அரைப்பாள்.

போன வருஷம் கார்த்திகேசு முன்னாலேயே அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டான். மனுஷனை ஒரு பாட்டுப் பாட விடாத வீடு இது என்று கத்தினான். சமைக்க வேண்டாமா என்று மட்டும் அவள் முனகினாள். பந்தலில் வழக்கம்போல வேறு யாரோ பாடிய பாட்டுகள் ஓடின. கேட்டவர்களிடமெல்லாம் லோகேஸ்வரன் பிளெண்டர் கதையைச் சொன்னான். பாவம், நல்ல குரல், வீடு சரியில்லை என்று அவர்களும் உச்சுக் கொட்டினார்கள்.

இன்றைக்குப் பிளெண்டர் இல்லை. பக்கத்து வீட்டு டிவி இல்லை, கீழே போகிற பஸ் இல்லை. பாட்டு முழுசாக, சுத்தமாகப் பதிவாகியிருந்தது.

சரணத்தில் குரல் மேலே ஏறவில்லை.

ஏறப் பார்த்து, பாதியில் பிசிறி, சுருதியை விட்டுக் கீழே இறங்கி, அங்கேயே வெட்கமில்லாமல் ஒரு சங்கதி வேறு போட்டிருந்தது. புது மைக் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

லோகேஸ்வரன் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓடவிட்டான். ஓர் இரைச்சல், ஒரு மோட்டார் சைக்கிள், எதுவாவது மாட்டாதா என்று ஒலியைக் கூட்டினான். அவன் குரல்தான் இன்னும் சத்தமாகக் கேட்டது.

கார்த்திகேசு சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். வாக்குக் கொடுத்திருக்கிறான். பாட்டைக் கொடுத்தால் பந்தலில் போட்டுத்தான் ஆக வேண்டும். சாலை முழுக்க ஒலிபெருக்கி. காவடி எடுக்கிறவர்கள், பால்குடம் எடுக்கிறவர்கள், லோகேஸ்வரனோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், எல்லாருக்கும் அந்தச் சரணம் கேட்கும்.

லோகேஸ்வரனுக்கு முகம் எரிந்தது. இவன் இத்தனை வருஷமும் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான் என்று உடம்பெல்லாம் கூசியது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து கதவைத் திறந்தான்.

பிளெண்டர் சத்தம் காதில் வந்து அறைந்தது.

சமையலறையில் அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூடியை அழுத்திப் பிடித்தபடி மோகனா ஸ்டூடியோ பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு மூடியிருந்ததால் பாட்டு எங்கே ஏறுகிறது, எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தொடக்கத்திலிருந்தே ஓடவிட்டிருக்கிறாள் போல. மோட்டார் காய்ந்து நாற்றம் அடித்தது.

திட்டுவதற்கு அவன் வாய் தானாகத் திறந்தது. அப்போதுதான் மேடைமேல் இருந்த பை கண்ணில் பட்டது. காலையில் பசாரிலிருந்து அவனே வாங்கி வந்த துருவிய தேங்காய். கடைக்காரர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

ஜாரில் ஒன்றுமே இல்லை.

மோகனா பிளெண்டரை நிறுத்தினாள்.

"சத்தம் உள்ள வந்துருச்சாங்க?"

திட்டு விழுமே என்ற பயம் அந்தக் குரலில் இல்லை. வரவில்லையோ என்ற பயம்தான் இருந்தது.

பாட்டுப் பதிந்த நாளில் இந்த வீட்டில் ஒரு தடவையாவது சட்னி சாப்பிட்டிருக்கிறோமா என்று லோகேஸ்வரன் யோசித்துப் பார்த்தான். சாப்பிட்டதாக நினைவு வரவில்லை. கத்தியது மட்டும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"வரல. ரொம்ப கிளியரா இருக்கு."

மோகனா தலையைக் குனிந்துகொண்டாள், தப்பு தன்னுடையது என்பதுபோல. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஸ்டூடியோ வாசலில் கார்த்திகேசு பென்டிரைவோடு வந்து நின்றான். உள்ளே போய்ப் பாட்டை அதில் ஏற்றிக்கொள்வதா வேண்டாமா என்று அவனுக்கும் தெரியவில்லை.

"வேணாம் தம்பி, பையில வச்சுக்க. சாப்ட்டுட்டுப் போ லா."

சொல்லிவிட்டு லோகேஸ்வரன் தேங்காய்ப் பையை எடுத்தான். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நோண்டி அவிழ்த்து, ஜாரில் கொட்டினான். மோகனாவின் முகத்தைப் பார்க்காமல், பச்சை மிளகாய் எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டான்.