இருபத்தாறாவது ஆட்டம்

"அந்த ஆட்டத்துல லைலை இறக்கினது யாரு? நீங்கதானே, கோச்?"

வெஸ் மேசையைத் தட்டியதில் காபிக் கோப்பைகள் குலுங்கின. வின்னிபெக் பனிஹாக்கிப் புகழ் மன்றத்தின் தேர்வுக்குழு காலையிலிருந்து ஒரே பெயரில் சிக்கிக்கொண்டிருந்தது.

லைல் சின்க்ளேர். மன்றத்தில் இடம்பெற அவர் பெயர் ஓட்டுக்கு வரும் கடைசி வருடம் இது. இன்று தேறாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

"நான்தான்," என்றார் ஓரெஸ்ட். லைலின் முதல் கோச். எண்பதைத் தாண்டியவர்.

"விதி தெரியாதா உங்களுக்கு? ஒரு பருவத்துல இருபத்தஞ்சு ஆட்டத்துக்கு மேல ஆடிட்டா, அடுத்த வருஷம் அவன் புதுமுகம் இல்லை. லைல் இருபத்தஞ்சு ஆடி முடிச்சிருந்தான். ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணுதான்னு இருந்த கடைசி ஆட்டம். அதுல போய் இறக்கி விட்டீங்க! அடுத்த வருஷம் அவன் போட்ட கோலுக்கு, சிறந்த புதுமுகத்துக்கான விருது அவன் வீட்டுக்குத் தானா நடந்து போயிருக்கும்."

"ஆமா. தப்புதான்."

"தப்பா? ஒரு மனுஷனோட வாழ்க்கை, கோச்!"

"வெஸ், போதும்," என்றார் தலைவி நார்மா. "டார்சி, நீங்க சொல்லுங்க."

டார்சி ஃபெர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லைலோடு ஒன்றாக அணிக்கு வந்தவர். அந்த வருடம் அதிகம் ஆடாததால் அடுத்த வருடமும் புதுமுகமாகவே இருந்தார். விருது அவருக்குப் போனது. அவர் படம் மன்றத்துச் சுவரில் ஏறிப் பல வருடம் ஆகிறது.

"லைல் என் நண்பன். எனக்கு ஆசை இல்லையா? ஆனா மனசை வச்சா ஓட்டுப் போடறது? பதினாறு வருஷம் ஆடினான். பல்லு மூணு போச்சு, கோப்பை ஒண்ணுகூட வரலை."

யாரோ சிரித்தார்கள்.

"ஒரு புதுமுக விருதாவது இருந்தா, ஆரம்பத்துலயே தெரிஞ்சுது, பெரிய ஆளுன்னு சொல்லலாம். அதுவும் இல்லை. எதைக் காட்டி உள்ள விடறது?"

"அது அவன் குத்தமா?" என்றார் வெஸ்.

"யார் குத்தமோ. இல்லாதது இல்லாததுதான்."

ஓரெஸ்ட் டார்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்சி தன் பேனாவைப் பார்த்தார்.

"கோச்," என்றார் நார்மா மெல்ல, "அன்னிக்கு ஏன் அப்படிச் செஞ்சீங்க? ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க. ரெண்டு பேர் மனசு மாறினாக்கூடப் போதும்."

அறை காத்திருந்தது. கிழவரின் தாடை ஒருமுறை அசைந்தது.

"காரணம் ஒண்ணும் இல்லை. புத்தி கெட்டுப் போச்சு."

ஓட்டுச் சீட்டுகள் வந்தன. நார்மா ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசிச் சீட்டைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒரு ஓட்டு குறையுது."

வெஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "இப்ப சந்தோஷமா, கோச்?"

ஓரெஸ்ட் நடைவழிக்கு வந்து போனை எடுத்தார். முதல் மணியிலேயே லைலின் குரல்.

"சொல்லுங்க கோச்."

"இல்லப்பா. ஒரு ஓட்டுல போச்சு."

ஓரெஸ்ட் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நான் வாயைத் திறந்திருந்தா கிடைச்சிருக்கும்டா, லைல்."

"திறக்கலையே?"

"உனக்கு வாக்குக் குடுத்திருக்கேனே."

"அதுதான் சரி. அந்த ஆட்டத்துக்கு முன்னாடி டார்சி குடிச்சிட்டு உடை மாத்தற அறையில விழுந்து கிடந்தது மேனேஜருக்குத் தெரிஞ்சிருந்தா, அன்னிக்கே அவனை ஊருக்கு பஸ் ஏத்தியிருப்பாங்க. அவன் இடத்துல என்னை இறக்குங்கன்னு கெஞ்சினது நான். விதி தெரிஞ்சேதான் கெஞ்சினேன். நீங்க பழியை உங்க தலையில போட்டுக்கிட்டீங்க. மறுநாள் அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு எப்படி அழுதான் தெரியுமா?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் டார்சி யாரிடமோ சிரித்தபடி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கோச், மத்தவங்க கிடக்கட்டும். டார்சி என் பக்கம் பேசினானா?"

கிழவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"கடைசி வரைக்கும் உனக்காகச் சண்டை போட்டவன் அவன் ஒருத்தன்தான்டா."